மந்த நாளின் கூலி

நவம்பர் பிறந்ததும் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று புறப்பட்டு விடுகிறது. மார்ச்சு வரை அதன் ஆட்சிதான். தாப்பாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி வந்தால் கிடைக்கும் நமது தானா ராத்தா, கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேலே இருப்பதால், கீழே ஈப்போவில் வியர்த்து ஒழுகும் அதே நாளில் இங்கே கம்பளிச் சட்டை தேவைப்படுகிறது. பகலில் 20 பாகையைச் சற்றே தாண்டும். இரவில் 15, 16 என்று இறங்கும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி நமது மலையில் 7.8 பாகைக்கு இறங்கியதுதான் இந்நாட்டிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. பனிக்கட்டி பெய்யும் தேசத்தார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தகரக் கூரையின் கீழ் காயாத துணியோடு படுப்பவன் சிரிக்க மாட்டான்.

குளிர்காலம் முஃமினுக்கு வசந்தகாலம், பகல் சுருங்குவதால் நோன்பு எளிதாகிறது, இரவு நீளுவதால் வணக்கத்துக்கு இடம் கிடைக்கிறது என்ற கருத்தை மதரஸாவில் நாம் கேட்டிருக்கிறோம். மதீனாவில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் சுமார் 3 மணி நேரம் வித்தியாசம். லண்டன் மாநகரில் டிசம்பர்ப் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. பூமத்திய ரேகைக்கு அருகே கிடக்கும் நமக்கோ எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே நமது குளிர்காலம் இரவை நீட்டித் தருவதில்லை. அது நீட்டித் தருவது வேறொன்றை. காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை கடையில் நிற்கும் நேரத்தை!

வெளியூர் அன்பர்கள் நினைப்பார்கள், ஆண்டின் கடைசியில் கேமரன் மலை என்றால் கூட்டம் நெரியும் என்று. சனி ஞாயிறில் நெரியத்தான் செய்கிறது. பிரிஞ்சாங் போகும் வழியில் கார்கள் அட்டை ஊர்வது போல ஊர்வதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை மழைதான் ஒரே வாடிக்கைக்காரர். போதாக்குறைக்கு, 2022ஆம் ஆண்டு பள்ளித் தவணை மார்ச்சு மாதத்தில் தொடங்கும்படி மாற்றப்பட்டபோது, பிள்ளைகளின் நீண்ட விடுமுறையும் டிசம்பரை விட்டு நகர்ந்து போயிற்று. 2026ஆம் ஆண்டில்தான் தவணை மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. இடையிலே, 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலியில் மண் சரிந்து, கூடாரம் அடித்துத் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் மாண்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில் பிள்ளை குட்டிகளோடு மலைப்பாதையில் ஏறத் தயங்கியவரை யார் குறை சொல்ல முடியும்? இப்படிச் சில டிசம்பர்களை நாம் முடங்கிய கையோடு கழித்திருக்கிறோம்.

நிற்க. இப்போது எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருவோம்.

அத்தகைய ஒரு மந்த வாரத்தில் பிரிஞ்சாங்கில் கடை வைத்திருக்கும் வியாபார நண்பர் ஒருவர், குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நமது கடையில் வேலை பார்க்கும் தம்பிமார் இருவரும் செய்ய ஒன்றுமில்லாமல் அரிசி மூட்டைகளின் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, “என்ன பாய், ரெண்டு பேரையும் சும்மா நிறுத்தி வெச்சிருக்கீங்களே? ஜனவரி வரைக்கும் அரைச் சம்பளம்னு சொல்லிடுங்க. நான் அப்படித்தான் சொல்லிட்டேன். யாவாரம் இல்லாதப்ப சம்பளம் மட்டும் எங்கேருந்து வரும்?” என்றார்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். கணக்கும் தவறாகப் போடவில்லை. கல்லாவில் விழாத காசு சம்பளமாக எப்படி மாறும் என்பது நியாயமான கேள்விதான். மழை பெய்தது யார் குற்றம்? முதலாளியின் குற்றமல்ல, சிப்பந்தியின் குற்றமும் அல்ல. யார் பேரிலும் குற்றம் இல்லாத ஒரு நஷ்டம் வந்தால் அதை யார் தலையில் இறக்கி வைப்பது? அந்தக் கேள்வி அன்று முதல் நம்மை விட்டுப் போகவில்லை.

நமது படிப்பு சிறிது. ஆரம்பப் பள்ளியும் மதரஸாவும்தான். ஆயினும் அங்கே ஹஜ்ரத் அவர்கள் கூலியைப் பற்றி நடத்திய பாடம் ஒன்று மனத்தில் தங்கியிருக்கிறது. கூலிக்கு அமர்த்தப்படுகிறவர் இரண்டு வகை. ஒருவர் ‘அஜீர் முஷ்தரக்’. தையற்காரரைப் போல, வண்ணாரைப் போல, பலருக்கும் வேலை செய்பவர். சட்டை தைத்துக் கொடுத்தால் கூலி, தைக்காவிட்டால் இல்லை. மற்றவர் ‘அஜீர் காஸ்’. தம் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர். மாதச் சம்பளத்துக்கு நிற்பவர் இந்த இரண்டாம் வகை. அவர் குறித்த நேரத்தில் வந்து தம்மை ஒப்படைத்து விட்டாரானால் கூலி கடமையாகி விடுகிறது. அவருக்கு வேலை கொடுப்பது முதலாளியின் பாடு. கொடுக்க வேலை இல்லாமல் போனால் அதற்காகக் கூலி குறையாது.

அப்போது பத்து வயதுப் பையன்களாகிய நமக்கு இது விளங்கவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக் காசா என்று ஒருவன் கேட்டான். ஹஜ்ரத் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்: அந்த ஒரு நாளை அவன் வேறு யாருக்காவது விற்றிருக்க முடியுமா? விற்றிருக்க முடியாதென்றால் அதை வாங்கியவர் யார்?

கடை வைத்த பிறகு இந்தப் பாடம் நன்றாகவே விளங்குகிறது. கடைக்கு வாடகை கொடுக்கிறோம். மழை பெய்து வியாபாரம் படுத்துவிட்டது, ஆகவே டிசம்பருக்குப் பாதி வாடகைதான் தருவோம் என்று கட்டட உரிமையாளரிடம் போய்ச் சொல்ல நம்மில் யாருக்காவது துணிவு உண்டா? மின்சாரக் கட்டணத்தில் பாதியைக் கழித்துக்கொண்டு கட்டுகிறோமா? மொத்த வியாபாரி சரக்குக்குப் பில் போட்டால், சரக்கு விற்கவில்லை என்று அரைத் தொகை அனுப்புகிறோமா? இல்லை. வாய் திறவாமல் முழுத் தொகையையும் கட்டுகிறோம். கணக்கின் கடைசி வரியில் வந்து நிற்கும் சிப்பந்தியிடம் மட்டும் ‘காலம் சரியில்லை தம்பி’ என்கிறோம். எல்லோருக்கும் பொதுவாகப் பெய்த மழை அவன் ஒருவன் சம்பளத்தை மட்டும் நனைப்பானேன்? மற்றவர்கள் நம்மைக் கேட்கக் கூடியவர்கள். இவன் கேட்க மாட்டான். நியாயத்தின் பெயரால் நாம் செய்கிற காரியம், உற்றுப் பார்த்தால், ஆளைப் பார்த்துச் செய்கிற காரியமாக இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. சீசனில் என்ன நடக்கிறது? சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை என்று ஜனங்கள் வந்து குவியும்போது நமது கடையில் குல்லாயும் குடையும் பிஸ்கட்டும் நிற்காமல் போகும். தம்பிமார் மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுவார்கள். அந்த மாதத்து அதிக லாபத்தில் சரிபாதியை அவர்களுக்குக் கொடுத்த கடை ஒன்றை இந்த மலையில் காட்டினால் நாம் தலை வணங்குவோம். லாபம் வரும்போது அது முதலாளியின் பணயத்துக்குக் கிடைத்த பலன் என்கிறோம். சரி, அப்படியே இருக்கட்டும். பொறுப்பு எவரிடமோ ஆதாயமும் அவருக்கே என்பது நமது சட்டத்தில் ஒரு அடிப்படை. அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது நிற்க வேண்டுமல்லவா? ஆதாயத்தை எடுத்துக்கொள்கிறவர் மந்தத்தையும் எடுத்துக்கொள்ளட்டும்.

மழைநாளுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு நமது கடைத்தெருவில் தொடங்கியதல்ல. மலாயாத் தமிழரின் சரித்திரத்தில் பாதி அதுதான் என்று சொன்னாலும் மிகையாகாது. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்பார்கள். மழை வந்துவிட்டால் மரம் சீவ முடியாது; சீவினாலும் பால் கோப்பைக்குப் போகாமல் பட்டையில் வழிந்து ஓடிவிடும். ஆள் வந்தான், கத்தி தீட்டி வைத்திருந்தான், உடம்பு தயார், மனம் தயார். மரத்துக்கு மேலே வானம் தயாராக இல்லை. அன்றைக்குக் கூலி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினால், மழைக்காலம் முழுவதும் லயத்தில் உலை ஏறுவது எப்படி? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும், வேலை செய்ய அவர் தயாராகவும் தகுதியாகவும் இருந்தும் கொடுக்க முடியாவிட்டால் அந்த நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு எழுதப்பட்டது. ஹஜ்ரத் அவர்கள் சொன்ன ‘ஒப்படைத்தல்’ வேறு பாஷையில் அங்கே வந்து உட்கார்ந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், பி. பி. நாராயணன் அவர்கள் அதை நடத்தியதும், நாட்கூலி போய் மாதச் சம்பளம் வர வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகள் இழுபட்டதும் நமது பெரியவர்கள் அறிந்த சங்கதிகள். நாடு முழுமைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்துக்கு அப்போது 900 வெள்ளி. இப்போது 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நம்மைப் போன்ற சின்னக் கடைகளுக்கும் 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அதுவே. ஆகவே நண்பரின் அரைச் சம்பள யோசனை சட்டத்துக்கும் ஒத்து வராது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து கொடுப்பது வேறு. நாம் இங்கே கேட்பது, சட்டமே இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டுமா என்பது.

நமது மலையில் ரப்பர் கிடையாது; தேயிலைதான். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து போன இந்த மலையில், 1929இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கியபோது காடு வெட்டியவர்களிலும், பின்னர் கொழுந்து எடுத்தவர்களிலும் நம்மவர் ஏராளம். இன்று அந்தச் சரிவுகளில் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா என்று பல நாட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். நிறுக்கும் தராசு மட்டும் மாறவில்லை. கொழுந்து எடுப்பவரின் வரும்படி எடையைப் பார்த்து ஏறி இறங்குவது. வெயில் குறைந்து குளிர் கூடும் வாரங்களில் செடி மெதுவாகத் துளிர்க்கிறது. கை அதே கைதான், கூடை நிறைவதில்லை. சுற்றுலா வந்தவர்கள் மூடுபனியில் பச்சை மலையைப் படம் பிடிப்பார்கள். நாமும் அந்தக் காட்சியை அழகில்லை என்று சொல்ல மாட்டோம். படத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு குனிந்து நிற்பவர் மாலையில் நமது கடைக்கு வந்து அரைக் கிலோ பருப்பு கேட்பார். முன்பு ஒரு கிலோ கேட்டவர் அவர்.

சரி, இத்தனையும் பேசிவிட்டு, முதலாளிமாரின் சங்கடத்தைச் சொல்லாமல் விட்டால் பாரபட்சமாகும். நாமும் அந்த ஜாதிதானே! கையில் முதல் இல்லாதவர் என்ன செய்வார்? கடனை வாங்கியா சம்பளம் கொடுப்பார்?

இங்கேதான் ஒரு பிரிவினை செய்துகொள்வது நல்லது என்று நினைக்கிறோம். எதிர்பாராமல் வரும் ஆபத்து ஒன்று. வருஷந்தோறும் தேதி தவறாமல் வரும் மந்தம் வேறொன்று. 2020 மார்ச்சு 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நாடே கதவடைத்தது. அதை யாரும் ஐந்தொகையில் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. அப்போது அரசாங்கமே நஷ்டத்தில் ஒரு பங்கைத் தாங்கியது. 75 பேருக்கு மேற்படாத தொழிலாளர் உள்ள நிறுவனத்துக்கு, வேலையை விட்டு நீக்காமல் வைத்திருந்தால் ஆள் ஒன்றுக்கு மாதம் 1,200 வெள்ளி உதவித்தொகை கொடுத்தார்கள். மண் சரிந்து பாதை அடைபட்டு, கம்போங் ராஜாவில் அறுத்த முட்டைக்கோசு லோரி ஏறாமல் அழுகினால் அதுவும் ஆபத்துதான். இப்படி வானத்திலிருந்து இறங்கும் நஷ்டத்தைப் பற்றி இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். மரத்திலிருக்கும் கனியை ஒருவர் விலை பேசி வாங்கிய பின் புயலோ வெட்டுக்கிளியோ அழித்துவிட்டால், அழிந்தது மூன்றிலொரு பங்கை எட்டினால் விற்றவர் விலையில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது இமாம் மாலிக் அவர்களின் முடிவு. இமாம் ஷாபிஈ அவர்களோ தமது பிந்திய கருத்தில் அதைக் கட்டாயம் ஆக்கவில்லை. விட்டுக்கொடுப்பது நல்லது என்ற அளவில் நிறுத்தினார்கள். பெரியவர்களே இரண்டு பக்கம் நின்ற விஷயத்தில், உண்மையான ஆபத்து வந்த நேரத்தில் முதலாளியும் சிப்பந்தியும் உட்கார்ந்து பேசி, உள்ளதைப் பகிர்ந்து தின்பதை நாம் தவறென்று சொல்லத் துணிய மாட்டோம்.

ஆனால் டிசம்பர் மழை அத்தகையதா? அது போன வருஷமும் வந்தது. நமது தந்தையார் காலத்திலும் வந்தது. வருமென்று தெரிந்த ஒன்றுக்கு ஆபத்து என்று பெயர் சூட்ட முடியாது. அது வாடகையைப் போல, லைசென்ஸ் கட்டணத்தைப் போல ஒரு செலவு. யூசுப் நபியின் சரித்திரத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஏழு ஆண்டு விளைச்சல், ஏழு ஆண்டு வறட்சி. அரசர் கண்ட கனவுக்கு அவர்கள் பொருள் சொன்னதோடு நின்றிருந்தால் மிசிரு தேசம் பட்டினியால் மாண்டிருக்கும். கதிரோடு சேமித்து வையுங்கள் என்று வழியும் சொன்னார்கள். நமக்குக் கனவு காண வேண்டிய தேவைகூட இல்லை. சுவரில் தொங்கும் காலண்டர் போதும்! மார்ச்சில் வந்த லாபத்தை மார்ச்சிலேயே செலவழித்து விட்டு டிசம்பரில் தம்பியின் சம்பளத்தில் கை வைக்கிறவர், தம் களஞ்சியத்தை அவன் வயிற்றில் கட்டுகிறார்.

மந்த நாளைப் பற்றி ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டு மேலே போவோம். சம்பளத்தைக் குறைக்காத நல்ல முதலாளிமாருக்கும் ஒரு வியாதி உண்டு. சிப்பந்தி உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கப் பொறுக்காது. துடைத்த போத்தலையே மறுபடி துடை என்பார்கள். மேல் தட்டில் இருக்கும் சார்டின் டின்களைக் கீழே இறக்கி, அடுத்த நாள் மேலே ஏற்றச் சொல்வார்கள். காசு கொடுத்த நேரம் வீணாகக் கூடாதாம். இதனால் டின்னுக்கும் லாபமில்லை, ஆளுக்கும் லாபமில்லை. வேலை இருக்கும்போது நாலு மணிக்குச் சாப்பிட்டவர்கள், வேலை இல்லாதபோது ஒரு கோப்பைச் சுடுபால் தேநீரோடு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடை இடிந்து விழுந்து விடாது.

இதுவரை சொன்னது மாதச் சம்பளக்காரரின் வழக்கு. அது ஓரளவுக்கு நேரானது. நமக்கு உண்மையில் கடினமாயிருப்பது மற்ற வகைக்காரரின் வழக்கு. மூட்டை இறக்கும் நாட்கூலிக்காரர், லோரிக்குக் கூடை ஏற்றுபவர், சனி ஞாயிறில் மட்டும் சமையற்கட்டில் கோப்பை கழுவும் விதவைத் தாய்மார். பாடத்தின்படி இவர்கள் முதல் வகை. வேலை நடந்தால் கூலி. நடக்காவிட்டால் யாரும் ஒன்றும் கொடுக்கக் கடமைப்படவில்லை. லோரி வரவில்லை, ஆகவே இறக்கவில்லை, ஆகவே கூலி இல்லை. ஒரு எழுத்தையும் மாற்ற முடியாத கணக்கு. ஆனாலும் சீசனில் எந்த நேரம் கூப்பிட்டாலும் ஓடி வர இவர்கள் இந்த மலையில் இருக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் எதிர்பார்க்கிறோம் அல்லவா? ஒருவரும் தனியாக அமர்த்தவில்லை. கடைத்தெரு முழுவதும் சேர்ந்து அமர்த்தியிருக்கிறது. ஒப்பந்தம் எழுதப்படவில்லை, ஆனால் அவர்கள் தங்களை ஒப்படைத்திருக்கிறார்கள். யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று கேட்டால் நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

இப்போது இந்தப் பாரத்தைத் தாங்குவது கடைகளில் இருக்கும் 555 நோட்டுப் புத்தகம்தான். நவம்பரில் ஒரு பக்கம், டிசம்பரில் மூன்று பக்கம் நிறைகிறது. அரிசி, எண்ணெய், பால்மாவு, பிள்ளைக்கு இருமல் மருந்து. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் தவணை கொடுக்க வேண்டும், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் மேல் என்ற கருத்து திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் இருப்பதை நாம் அறிவோம். தவணை கொடுக்கிறோம். விட்டுவிடுவது என்பது பேசுவதற்கு எளிது. மொத்த வியாபாரிக்கு அது புரியாது. தவிர, கடனை விட்டுவிட்டால் அடுத்த முறை அந்த மனிதர் வெட்கப்பட்டு நமது கடை வாசலைத் தவிர்த்து எதிர்ப்பக்கம் நடந்து போவதையும் கண்டிருக்கிறோம். கொடுப்பதில் இப்படி ஒரு முடிச்சு. தனி ஒரு கடைக்காரர் விட்டுக்கொடுத்தால் அது தயவாகி விடுகிறது. தயவு வாங்கியவர் தலை குனிகிறார். அவர் கேட்பது தயவல்ல என்றே நாம் நினைக்கிறோம்.

ஆகையால் நமது சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். சீசன் நாட்களில் ஒவ்வொரு கடையும் நாளொன்றுக்கு ஒரு வெள்ளி எடுத்து வைப்பது. நவம்பர் நடு முதல் ஜனவரி நடு வரை, இந்தத் தெருவில் மூட்டை தூக்கியவர், கோப்பை கழுவியவர் எவராயினும், எந்த நாட்டவராயினும், எந்த மதத்தவராயினும், வாரத்துக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுப்பது. ஜகாத்தில் சேர்க்க வேண்டாம். ஸதகா என்ற பெயரும் வேண்டாம். ‘மழைநாள் கூலி’ என்றே கணக்கில் எழுதலாம். அப்படி எழுதினால் வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டு வாங்குவார். பிரிஞ்சாங் நண்பரிடமும் சொன்னோம். தமது கடைத் தம்பிமாருக்குப் பாக்கி அரைச் சம்பளத்தைக் கொடுத்த பிறகு இதற்கு வருவதாகச் சொன்னார். எப்போது கொடுப்பார் என்று நாம் கேட்கவில்லை. பிஸ்கட் டின் ஒன்றைக் கழுவிக் காய வைத்திருக்கிறோம். மூடியில் துவாரம் போட வேண்டியதுதான் பாக்கி.